கண்மாய்க்குள் ஒரு பள்ளிப் பேருந்து

தம்பி தங்கைகளே, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தினீர்கள், கேக்கை எடுத்து முகத்தில் அப்பினீர்கள். அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்திலிருந்து ஒரு தங்கை எழுந்து, "அண்ணே, இம்புட்டு வருசத்துல ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்ச டூல் எது?" என்று கேட்டாள். நான் "டெயில்" என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு சிரிப்பு. கேட்டால் நிரல் எழுதித் தருகிற, தப்பைச் சுட்டிக்காட்டினால் பணிவாக மன்னிப்பும் கேட்கிற இயந்திரங்களோடு வேலை பார்ப்பவர்கள் நீங்கள். கறுப்புத் திரையில் தட்டும் ஒரு பழைய கட்டளையின் பெயரை நான் சொன்னது வயசானவனின் குசும்பாகத்தான் பட்டிருக்கும். குசும்பு இல்லை. காரணத்தை அன்றைக்கே சொல்லியிருப்பேன், வாய் நிறையக் கேக் இருந்தது.

டெயில் செய்வது மிகச் சின்ன வேலை. ஒரு கோப்பின் வால்பகுதியை மட்டும் காட்டும். கோப்பில் புதிய வரி வந்து சேரச் சேர, அதையும் கீழே காட்டிக்கொண்டே இருக்கும். அழகுபடுத்தாது, சுருக்காது, தனக்குத் தோன்றியதைச் சேர்க்காது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

உங்களில் பலர் சேர்வதற்கு முன்னால், நம் அலுவலகத்துக்குச் சோறு போட்டது பள்ளிப் பேருந்துகள்தான். ஒவ்வொரு பேருந்திலும் டிரைவருக்கு முன்னால், மீட்டர்கள் இருக்கும் பலகைக்கு அடியில், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைப் பொருத்துவோம். பேருந்து இப்போது எங்கே போகிறது என்பதை அந்தப் பெட்டி கண்டுபிடித்து, செல்போன் கோபுரம் வழியாக நமக்கு அனுப்பும். பெற்றோரின் போனில் வரைபடத்தின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி நகரும். புள்ளி தெருமுனைக்கு வரும்போது அம்மாக்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

அந்தப் பெட்டி தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வானத்தில் வெகு தொலைவில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள், நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவை யாரையும் பார்ப்பதில்லை. பெட்டி அந்தக் குரல்களைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாகக் காதில் விழுகிறது என்று கணக்குப் போட்டு, அப்படியானால் நான் திருமங்கலம் ரோட்டில் டீக்கடைக்கு எதிரே நிற்கிறேன் என்று முடிவுக்கு வருகிறது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட அன்று நான் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என்னதான் தெரியப்போகிறது, இருந்தாலும் நின்றேன். என் மனைவி துணி எடுக்க வந்தவள், கழுத்து சுளுக்கிக்கொண்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெட்டி சில நேரம் தடுமாறும். மரத்தடியில், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில், புள்ளி கன்னாபின்னாவென்று குதிக்கும். ஒரு நாள் பரவையிலிருந்து ஒரு அப்பா போன் போட்டுக் கத்தினார். "என்னய்யா ஆப்பு இது? எம்புள்ள கண்மாய்க்குள்ள நிக்கிறான்னு காட்டுது. எம்பொண்டாட்டி அழுது பொரளுறா!" பையன் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் கோபம் நியாயம்தானே? கூடி உட்கார்ந்து பேசினோம். பேருந்து தண்ணீருக்குள் போக முடியாது. ஆகவே வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடத்தில் புள்ளி விழுந்தால் அதை நம்ப வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய நல்ல இடத்திலேயே புள்ளியை நிறுத்திவைப்போம் என்று ஒரு விதி எழுதினோம். புகார் நின்றது. பள்ளிக்காரர்கள் பாராட்டினார்கள்.

இந்த விதியைக் கேட்டு உங்களில் யாருக்காவது சிரிப்பு வந்ததா? வந்திருந்தால் நீங்கள் எங்களைவிட நல்ல மதுரைக்காரர்கள். நாங்கள் எல்லோரும் கண்மாய்க்குள் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர்கள். வருஷத்தில் பாதி நாள் அங்கே கருவேல மரமும் ஆடும் மாடும்தான் இருக்கும். அதற்குள் பாதை போகும், கோயில் இருக்கும், கொடை விழாவுக்குப் பந்தல் போடுவார்கள், அத்தனை பேரும் வண்டியோடு உள்ளே போவோம். நம் அலுவலகம் இருக்கிற இடமே ஒரு காலத்தில் கண்மாய்தான். அப்படிப்பட்ட ஆட்கள், எங்கோ உட்கார்ந்து யாரோ நீலம் பூசிய வரைபடத்தை நம்பி, கண்மாய் என்றால் தண்ணீர் என்று எழுதிவிட்டோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்குச் சொந்த ஊர் மறந்துபோகிறது.

நல்லவேளை, ஒரு பழக்கம் வைத்திருந்தோம். பெட்டி அனுப்புவதை முதலில் வந்தது வந்தபடியே ஒரு கோப்பில் எழுதிவிடுவோம். சுத்தம் செய்வது, தூக்கிப் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தக் கோப்புக்கு அலுவலகத்தில் 'குளிக்காத பிள்ளை' என்று பெயர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏதாவது கோளாறு என்றால் மூன்று பேர் மட்டும் ஒரு திரைக்கு முன் உட்கார வேண்டும். ஒருவர் கை, ஒருவர் வாய், ஒருவர் காது. கை தட்டச்சு செய்யும், பேசாது. வாய் திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. காது போனை எடுக்கும், முடிவும் எடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதற்றத்தில் தட்டி இருந்ததையும் கெடுத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. பெரும்பாலும் பிரபு கை, நான் காது, செல்வராணி வாய். பிரபு வரைபட வேலை பார்த்த பையன். செல்வராணி நாம் எழுதியதை எல்லாம் சோதித்துப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவள். அவள் படித்தால் கமா கூட விடாமல் படிப்பாள். அவளுடைய மகள் யாழினி அப்போது மூன்றாம் வகுப்பு. நம் பெட்டி பொருத்திய பேருந்தில்தான் தினமும் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானத்திலிருந்தே நல்ல மழை. ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு இல்லாமல் கிடந்துவிட்டு, சேர்த்துவைத்துக் கொட்டியது. பள்ளிவிடும் நேரத்துக்குச் சற்றுப் பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பேருந்து, ரயில் பாதைக்குக் கீழே போகிற ஒரு சுரங்கப்பாதையின் வாயில் நிற்கிறது, நகரவே இல்லை என்றார்கள். மழைக்கு அந்தச் சுரங்கப்பாதை நிரம்பிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். உள்ளே ஆள் உயரத்துக்குத் தண்ணீர், பேருந்து கண்ணில் படவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். டிரைவர் போன் அணைந்து கிடந்தது. பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவின் போனுக்கு அழைப்பே போகவில்லை. ஆனால் அத்தனை பெற்றோர் கையிலும் எங்கள் மஞ்சள் புள்ளி, தண்ணீர் நிரம்பிய பள்ளத்தின் மேல் அசையாமல் இருந்தது.

செல்வராணியும் தன் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாழினி போகும் பேருந்து.

அவளை அந்த அறையில் வைத்திருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. "நீ கீழ போய் ஒக்காரும்மா. வண்டி வரச் சொல்றேன். நாங்க பாத்துட்டுச் சொல்றோம்" என்றேன்.

அவள் நகரவில்லை. "நானே படிக்கிறேண்ணே" என்றாள்.

"வேணாம் செல்வி."

"வேற யாரு படிச்சாலும் எனக்கு நம்பிக்கை வராது. என்னைய வெளிய அனுப்பாதீங்க."

நான் எடுத்த முடிவு சரியா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். வெளியே அனுப்பியிருந்தால் அவள் எங்கே போவாள்? அந்தச் சுரங்கப்பாதைக்குத்தான். அதோடு, அந்த நேரம் எனக்கும் தப்பாமல் படிக்கிற ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிரபுவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பிரபு குளிக்காத பிள்ளையைத் திறந்து டெயிலைத் தட்டினான். கறுப்புத் திரை. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஒரு வரி வந்து விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

வரிகள் வருகின்றன! நான் சொல்ல வந்த அதிசயத்தின் முதல் பாதி இதுதான். வெளியே மழை, போன்கள் அலறுகின்றன, ஒரு பேருந்து எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியவில்லை. அந்தச் சோப்பு டப்பா மட்டும் யாரும் கேட்காமலேயே தான் பாட்டுக்குத் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதை நம்பாமல் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீரில் மூழ்கிய பெட்டி பேசாது. பேருந்து எங்கே இருந்தாலும் பெட்டி இருக்கும் உயரத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்று அந்த வினாடியே தெரிந்துவிட்டது.

"வேகம் சைபர்" என்று செல்வராணி படித்தாள். குரல் மரக்கட்டையாக இருந்தது. "வானத்துல ஒம்பது."

ஒன்பது என்பது பெட்டிக்குக் கேட்கிற செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை. சுரங்கப்பாதைக்குள் இருந்தால் ஒன்று கூடக் கேட்காது. ஒன்பது கேட்கிறது என்றால் அதன் தலைக்கு மேல் திறந்த வானம் இருக்கிறது. மழை பெய்கிற வானம்தான், ஆனாலும் வானம்.

பிரபு அந்த வரியிலிருந்த இடத்தை எடுத்து வரைபடத்தில் போட்டான். கை பேசக்கூடாது என்ற விதியை அவன் மீறிய ஒரே தருணம் அது. "அண்ணே... கண்மாய் நடுவுல காட்டுதுண்ணே!"

கீழக்குயில்குடிக்குத் தெற்கே, சுரங்கப்பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெரிய நீலத் திட்டு. அதன் நட்டநடுவில் எங்கள் பேருந்து. செல்வராணியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாய் படிக்க மட்டும்தான் செய்ய வேண்டும்.

"வானத்துலேர்ந்து எடுத்த படத்தைப் போடுறா" என்றேன். நீலம் மறைந்து உண்மையான நிலம் வந்தது. கருவேலக் காடு, செம்மண், குறுக்கே ஒரு வண்டிப்பாதை, பாதை ஓரம் மேட்டில் ஒரு சின்னக் கோயிலின் வெள்ளைக் கூரை. கண்மாய் என்றால் தண்ணீர் என்று எழுதிய அறிவாளிகள் இரண்டு பேர் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் சுரங்கப்பாதை வரை வந்திருக்கிறார், தண்ணீரைப் பார்த்திருக்கிறார், திருப்பிக்கொண்டு கண்மாய்ப் பாதையில் இறங்கியிருக்கிறார். நாங்கள் சின்ன வயதில் சைக்கிளில் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

ஆனால் அந்தப் படம் கோடையில் எடுத்தது. இன்று பெய்கிற மழைக்கு வரத்துக்கால் ஓடை வழியாகக் கண்மாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டதா? பிள்ளைகள் பேருந்துக்குள் இருக்கிறார்களா? படம் அதைச் சொல்லாது.

அப்போது பள்ளியின் பேருந்துகளைக் கவனிக்கும் அதிகாரி எனக்குப் போன் செய்தார். "சார், தீயணைப்பு வண்டி சுரங்கப்பாதைக்குப் போய்க்கிட்டிருக்கு. பஸ் அங்கதானே இருக்கு? நீங்க சொன்னா வேற பக்கம் திருப்பச் சொல்றேன். சட்டுன்னு சொல்லுங்க சார்."

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு போன் என்றைக்காவது வரும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சுரங்கப்பாதையில் இல்லை, கண்மாய்க்குப் போங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. எனக்குக் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரியும். அந்தக் கிட்டத்தட்டதான் என்னைத் தடுத்தது. பெட்டி பேருந்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பெட்டி இந்தப் பேருந்தின் பெட்டிதான் என்று நினைக்கிறேன். நினைப்பதை நம்பித்தான் ஒரு கண்மாயையே நீலமாக்கினோம். தீயணைப்பு வண்டியைத் திருப்பிவிட்டு நான் தப்பாக இருந்தால்?

"எதையும் திருப்பாதீங்க சார்" என்றேன். "அங்க போறவங்க போகட்டும். கூட ஒரு ஆளைக் கண்மாய்ப் பாதைக்கு அனுப்புங்க. கோயிலை ஒட்டிப் பெட்டி பேசிக்கிட்டிருக்கு. நான் பாக்குறது இம்புட்டுதான். பஸ்ஸைப் பாத்தேன்னு சொல்லல."

பள்ளியின் இன்னொரு டிரைவர் கீழக்குயில்குடிக்காரர். அவரை டூவீலரில் போகச் சொல்வதாக அதிகாரி சொன்னார். நான் போனை வைத்தேன். இனி அந்த மனிதர் போய்ச் சேரும் வரை எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. திரையைப் பார்ப்பதைத் தவிர.

செல்வராணி படித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வேகம் சைபர். வானத்துல ஒம்பது. சாவி சைபர்." அடுத்த வரி. "வேகம் சைபர். வானத்துல ஒம்பது. சாவி..." அங்கே நின்றாள்.

"சாவி ஒண்ணுண்ணே."

பெட்டியிலிருந்து ஒரு கம்பி பேருந்தின் சாவித்துளைக்குப் போகும். சாவியைத் திருப்பினால் ஒன்று, திருப்பி அணைத்தால் சைபர். பெட்டி அனுப்புகிற நீண்ட வரியில் அது ஒரு மூலையில் கிடக்கும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"சாவி சைபர்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஒண்ணு. சைபர்." மறுபடியும், "ஒண்ணு."

வேகம் மாறவில்லை. பேருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதற்குள் ஒரு கை இருக்கிறது. உயிருள்ள கை. அது சாவியைத் திருப்புகிறது, அணைக்கிறது, மறுபடி திருப்புகிறது. மழைக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் யாரோ ஒருவர் விரல்களால் செய்வது, கோபுரம் தாண்டி, கேபிள் தாண்டி, எங்கள் கறுப்புத் திரையின் வாலில் வந்து ஒன்று என்றும் சைபர் என்றும் விழுகிறது. நான் வாழ்நாளெல்லாம் ஒன்றுகளோடும் சைபர்களோடும் குப்பை கொட்டியவன். அன்றைக்குத்தான் ஒரு ஒன்றை நேரில் பார்த்தேன் என்று தோன்றியது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"யாரோ திருப்புறாங்கண்ணே" என்று செல்வராணி சொன்னாள். அவள் விதியை மீறியதும் அந்த ஒரு முறைதான். கண்ணீர் இறங்கி ஓடியது, அதைத் துடைக்காமல் அடுத்த வரியைப் படித்தாள்.

டூவீலரில் போனவர் கோயில் மேட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டேன். எனக்கு அந்தக் குரல் மறக்காது. "சார், வண்டி இங்கனதான் நிக்குது. பின்சக்கரம் சேத்துல எறங்கிருச்சு. அம்புட்டுப் பிள்ளைகளும் உள்ளதான் இருக்கு, ஒண்ணும் பயமில்ல. ஓடையில தண்ணி வர ஆரம்பிச்சிருச்சு, டிராக்டர் வருது, கூட்டிட்டு வந்துருவோம்." இதைக் கேட்டதும் செல்வராணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிரபு என் கார் சாவியை எடுத்து நீட்டினான்.

டிராக்டரில் பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு அந்தப் பாதையைத் தண்ணீர் மூடிவிட்டது என்று மறுநாள் கேள்விப்பட்டோம். அந்த வாரமே விதியை மாற்றினோம். நீலத்தில் விழும் புள்ளியை இப்போது நாம் தூக்கிப் போடுவதில்லை. வெளிறிய நிறத்தில் காட்டி, பெட்டி கடைசியாகப் பேசிய நேரத்தையும் பக்கத்தில் எழுதுகிறோம். ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறது என்று உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டார். அழகாக இல்லை என்று அதை எடுத்துவிடப் பார்த்தார். எடுக்காதீர்கள்.

செல்வராணியை நான்தான் காரில் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பள்ளி வராந்தாவில் பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். யாழினி ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழவே இல்லை. ஏதோ திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரி மூச்சுவிடாமல் பேசினாள்.

வண்டி சேற்றில் இறங்கியதும் சின்னப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். டிரைவர் அவர்களை வரிசையில் நிற்கவைத்து, அழாதவர்களுக்கெல்லாம் ஆரன் அடிக்க ஒரு வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார். சத்தம் கேட்டு யாராவது வருவார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த வண்டியில் சாவியைத் திருப்பினால்தான் ஆரன் கத்தும். பேட்டரி தீர்ந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு பிள்ளை அடித்து முடித்ததும் சாவியை அணைத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குத் திருப்பியிருக்கிறார்.

"நானும் அடிச்சேம்மா! ரொம்ப நேரம் அழுத்தினேன், டிரைவர் மாமா போதும் போதும்னாரு. ஒனக்குக் கேக்கணும்னுதான் அடிச்சேன்." பிஸ்கட்டை மென்றுகொண்டே அவள் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "கேட்டுச்சாம்மா?"

செல்வராணி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் ஈரத்தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுடி" என்றாள். "ஒண்ணு விடாமக் கேட்டுச்சு."